ஒரு கிள்ளுப் பொயிலை

வாய்க்கட்டு நிற்கவே இல்லை. சூசை மாமா மூன்றாவது முறையாக வெள்ளைத் துணியைக் கிழித்து, டோனியின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்தார். முடிந்த கையை எடுப்பதற்குள் துணி இடது பக்கமாக வழுக்கி இறங்கிக் கழுத்தில் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? துணியைத் தாங்க அந்தப் பக்கம் எலும்பு இருந்தால்தானே! இடது கீழ்த்தாடையைப் போன வருஷமே மதுரை ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

"இது ஆவுறதில்ல புள்ள," என்று மாமா துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "நானும் இந்தத் தெருவுல நாப்பது அம்பது பேருக்குக் கட்டிவிட்டிருக்கேன். இப்படி ஒரு வாய்க்குக் கட்டுனதில்ல."

"நகருங்க மாமா. நான் கட்டுறேன்," என்றாள் அல்போன்சா.

அக்காக்காரி கட்டுவதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் நகர்ந்திருக்க மாட்டாள். பஞ்சை எடுத்துக் கெட்டியாக உருட்டி, எலும்பு இருந்த இடத்தில் பதித்து வைத்தாள். அதன்மேல் துணியைக் கொடுத்து, காதுக்குப் பின்னால் ஒரு திருகு திருகி, மேலே கொண்டுபோய் ஒரே முடிச்சு. துணி அசையவில்லை. பொயிலைக் கம்பெனியில் பதினைந்து வருஷமாக இலையை மடித்துக் காகிதம் சுற்றிப் பொட்டலம் கட்டிய கை அது. ஒரு நாளைக்கு ஆயிரம் பொட்டலம் கட்டும், ஒன்றுகூடப் பிரியாது. அந்தக் கை இன்றைக்கு இதையும் கட்டியது.

"அடேயப்பா, நின்னுருச்சே!" என்றார் மாமா.

அல்போன்சா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் ஒரு நாள்கூட அவளைக் கட்டுப் பிரிக்க விட்டதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தானே பிரிப்பான், தானே மருந்து வைப்பான், தானே புதுத்துணி ஒட்டுவான். அந்த வலியில் ஒரு முனகல்கூட வராது. எப்படித்தான் தாங்கினானோ! நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வலது பக்கம் நின்று பார்த்தால் இருபத்தைந்து வயதுப் பிள்ளை அசந்து தூங்குவது போலத்தான் இருந்தது. கீழ்வீட்டுக்காரி வந்து மெழுகுவத்தியை மாற்றிவிட்டுப் போனாள்.

காலை ஐந்தரைக்கு உயிர் பிரிந்தது. ஏழு மணிக்குக் கோவிலில் துக்கமணி அடித்தார்கள். பத்து மணிக்குள் மேட்டுப்பட்டியின் அந்தச் சின்னத் தெரு நிறைந்துவிட்டது. இத்தனை சனம் வரும் என்று அல்போன்சா எதிர்பார்க்கவே இல்லை. டோனி ஒரு மைக் செட்டுக்காரன், அவ்வளவுதான். ஆனால் சுற்றுப்பட்டில் அவன் குழாய் கட்டாத திருவிழா கிடையாது. அகரத்திலிருந்து வந்தார்கள், நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ வேனில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மன் கோவில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒரு பயல் இத்தனை பேரைச் சம்பாதித்து வைத்திருக்கிறானே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

சாவு வீடென்றால் தாம்பாளம் வைக்க வேண்டும். சூசை மாமா பந்தலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் பிரித்த பொயிலைப் பொட்டலங்கள். அவளுடைய கம்பெனிப் பொட்டலங்கள்தான். அந்த மஞ்சள் காகிதத்தையும் முடிச்சையும் வாசலிலிருந்தே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வந்த ஆண்கள் உள்ளே போய் டோனியைப் பார்த்து, "ஐயோ, பாவமே, வாயில வந்த வியாதியாமே" என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து, அதே கையோடு ஒரு கிள்ளு எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மாமாவும் எடுத்தார். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பன்னிரண்டு வருஷமாக அவள் நெஞ்சுக்குள் கிடக்கிற விஷயம் அது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், அரையாண்டுப் பரீட்சை சமயம். டோனிக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கி, மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லை. அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பாத்திமா கன்னியாஸ்திரிகள் மடத்தில் சமையல் வேலை, இருட்டித்தான் வீட்டுக்கு வருவாள். அல்போன்சாவுக்கு அப்போது பத்தொன்பது. தம்பி அழுததை அவள் கம்பெனியில் சொல்லிக் கண்ணைத் துடைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து இலை நரம்பு உரித்துக்கொண்டிருந்த ஜக்கம்மாள் சிரித்தாள்.

"இதுக்கா அழுவுற? பல்லுல புழு இருக்கும்டி. ஒரு கிள்ளுப் பொயிலைய அமுக்கி வச்சு விடு. புழு மயங்கிச் செத்துரும். எங்க வீட்ல அம்புட்டுப் பேருக்கும் இதுதேன் மருந்து."

கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்குப் பொயிலைதான் சகலமும். தேள் கடித்தால் அதைத்தான் அரைத்துப் பூசுவார்கள், வெட்டுக்காயத்துக்கு அதைத்தான் வைத்து அழுத்துவார்கள், அதன் தூளில்தான் பல் விளக்குவார்கள். அல்போன்சாவும் மடியில் ஒரு துண்டு செருகிக்கொண்டு வந்து, தம்பியை வாயைத் திறக்கச் சொல்லி, தன் விரலாலேயே உள்ளே வைத்தாள். பையன் துடித்துப்போனான். தலை சுற்றி, வாந்தி எடுத்து, சட்டை நனைய வேர்த்து, அவள் மடியில் சாய்ந்து கிடந்தான். அவள் பயந்துபோய் மாதாவைக் கூப்பிட்டாள். அரை மணி கழித்து அவன் எழுந்து உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா... வலியக் காணோம்!"

அவன் கண் அன்றைக்கு விரிந்த மாதிரி அதற்குப் பிறகு எதற்கும் விரிந்ததில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு இலைக்கு இம்புட்டுச் சக்தியா என்று அவளுக்கே ஆச்சரியம். அம்மாவுக்குப் பொயிலை வாடையே ஆகாது. அல்போன்சா வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதனால் அம்மா வந்து கேட்டதற்கு, "கிராம்பு வச்சேம்மா, கேட்டுருச்சு" என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் வைத்தாள். பிறகு பல்லைப் பிடுங்கியாயிற்று. பொயிலை மட்டும் போகவில்லை. "அக்கா, ஒரு கிள்ளு" என்று அவள் வரும் நேரம் பார்த்துக் காத்திருப்பான். "போடா கொரங்கே" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பாள். ஒரு வருஷத்தில் அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டான். "எங்கப்பாவுக்கு" என்று சொன்னால் பெட்டிக்கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். செத்துப்போன அப்பாவுக்கு அந்தக் கடைக்காரர் எத்தனை பொட்டலம் கொடுத்தார் என்று கணக்கே இல்லை. வகுப்பில் வாத்தியார் கண்ணில் படாமல் இருக்க எச்சிலை விழுங்கப் பழகிக்கொண்டான். பதினாறு வயதில் ஒரு நாள் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது கன்னத்தின் உள்ளே பாலாடை படிந்தது போல ஒரு வெள்ளைத் திட்டு. சூட்டுப்புண் என்று நினைத்து அவள் நெய் தடவிவிட்டாள். இருபதில் காரம் பட்டால் கண்ணீர் வந்தது, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இருபத்துமூன்றில் அந்தத் திட்டு புண்ணாகி, ஆறாமல், கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

அப்போதுதான் மதுரைக்குப் போனார்கள். டாக்டர் வாய்க்குள் விளக்கை அடித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வயசுல ஆரம்பிச்ச?"

"இருபதுல சார். கூட்டாளிங்களோட சேந்து."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டார். "பொய் சொல்லாத தம்பி. மூணு வருசத்துல இது இம்புட்டுத் தூரம் வராது. மீச மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்க. வளர்ற வயசுல வாய்க்குள்ள தோலு பிஞ்சா இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும். அந்த வயசு மூளையும் பிடிச்சதை விடாது. யாரு குடுத்தா?"

"இல்ல சார். இருபதுதான்."

அல்போன்சா ஃபைலைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவன் திரும்பி அவளைப் பார்க்கவே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த அந்தக் கணீர்க் குரலில், மைக்கில் பேசுவது மாதிரி, தயங்காமல் சொன்னான். கதவோரம் நின்ற அம்மா 'கூட்டாளிங்க' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். டோனிக்குக் கூட்டாளி என்றால் ஒருவன்தான். அகரத்து உடையப்பன். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, பிறகு ஒரே மைக் செட்டு. அன்றைக்குத் திண்டுக்கல் வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே, அழைத்துப்போக வந்து நின்ற அவன் சட்டையை அம்மா பிடித்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதிலிருந்து அம்மா இருக்கும்போது அவன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அம்மா மடத்துக்கு வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போவான்.

அல்போன்சா எத்தனையோ தடவை டோனியிடம் பேச்சை எடுத்தாள். "டோனி, அன்னைக்கு நாந்தானே..." என்று ஆரம்பிப்பாள். பேச முடியாத அவன் சிலேட்டை இழுத்து, "பால் ஊத்து. பசிக்குது" என்று எழுதிக் காட்டுவான். மூக்குக் குழாயில் பால் ஊற்றியதும் சிலேட்டை அழித்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கடைசி வரை அவளை அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க விடவே இல்லை. கெட்டிக்காரப் பயல்!

பதினோரு மணிக்குக் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்து அழுதார்கள். ஜக்கம்மாளும் வந்தாள். அறுபது வயதைத் தாண்டிவிட்டாள், கடைவாயில் இப்போதும் பொயிலை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்லு மாதிரி இருக்கிறாள். அதையும் என்னவென்று சொல்வது? அல்போன்சாவின் தலையைத் தடவி, "எந்தப் பாவி பய பழக்கிவிட்டானோ, பிஞ்சுப் புள்ளைக்கு" என்று மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. அல்போன்சா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட வரவில்லை.

சொல்லி வைத்தது போல அந்த நேரம் உடையப்பன் மாலையோடு வந்துவிட்டான். ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டும். அவன் குனிவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏலே, நில்லுலே! எம்புள்ளைய முழுங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த? பொயிலைய வாயில வச்சவன் நீதானே? வச்சவனே மாலையும் போடப் போறியா?"

"அக்கா, எழவு வீட்ல எதுக்கு?" என்று சூசை மாமா தடுத்தார்.

"நீ சும்மா இரு சூசை. இவன் நல்லா இருக்கான் பாரு, கல்யாணம் முடிச்சு, புள்ள பெத்து. எம்புள்ள வாயில்லாம கெடக்குறான். போடா வெளிய! உன் நெழலு எம்புள்ள மேல படக் கூடாது."

உடையப்பன் மாலையை வாசல்படியில் வைத்துவிட்டுப் வந்த வழியே நடந்து போய்விட்டான். பந்தலில் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். "இவன்தானா பழக்கினது?" என்று அம்மன் கோவில் கமிட்டிக்காரர்களில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இனி அகரம் வரைக்கும் இது போகும். அவன் பெண்டாட்டி பிள்ளை காதுக்கும் போகும்.

அல்போன்சா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சேலையைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாள். சீ, நானும் ஒரு பொம்பளையா என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கோவிலிலிருந்து தூம்பா வந்தது. பெட்டியை உள்ளே வைத்துத் தோளில் தூக்கிப் போகும் பழைய மரத்தூக்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மரக்கைகள். சூசை மாமா ஆள் பிரித்தார். முன் வலதுக்கு அவர், பின்னால் சித்தப்பா மக்கள் இருவர். முன் இடது கைக்கு மட்டும் ஆள் சொல்லாமல் நின்றார். கூடப் பிறந்தவன் தூக்க வேண்டிய இடம் அது. டோனிக்கு அண்ணன் தம்பி கிடையாது.

"யாரையாவது விடு," என்றாள் அம்மா.

அல்போன்சா செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே மைக் செட்டு வேன் நின்றது. அதன் பின்படியில் உடையப்பன் உட்கார்ந்திருந்தான். சித்திரை வெயில், வேனின் தகரம் தொட முடியாமல் காய்ந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"உடையப்பா, வா. நீதான் முன்னால தூக்கணும்."

"வேணாம்க்கா. அம்மா மனசு நொந்துரும். நான் பின்னாலயே தள்ளி வாரேன். கல்லறைத் தோட்டத்துல எல்லாரும் போன பெறகு ஒரு கைப்பிடி மண்ணு போட்டுக்கிறேன்."

"உனக்கு ஒண்ணு தெரியாது. அவனுக்குப் பொயிலைய மொதல்ல..."

"தெரியும்க்கா," என்றான்.

"என்ன தெரியும் உனக்கு?" என்றாள்.

"எட்டாப்பு படிக்கையிலயே சொன்னான். 'எங்கக்கா ஒரு மருந்து வச்சுச்சுடா, அம்புட்டு வலியும் ஓடிப்போச்சு'ன்னு. என்னா பெருமைங்கிறீங்க! எனக்கும் ஒரு கிள்ளு குடுத்தான். கிரவுண்டுலயே மயங்கி விழுந்துட்டேன். அவன்தான் பம்புல தண்ணியடிச்சு மூஞ்சியில ஊத்துனான். அன்னைக்கோட நான் தொடல."

"அவன் உனக்குக் குடுத்தானா?"

"ஆமாக்கா." லேசாகச் சிரித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "மதுரையில ஆபரேசனுக்கு மொத நாளு கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிட்டான். 'அம்மாவுக்குத் தெரிஞ்சா அக்கா உசுரோட இருக்காது. எனக்காகத்தான் அது கல்யாணமே பண்ணிக்கல. நீதான்னு அம்மா நெனைக்குது, நெனைச்சுக்கிட்டுப் போகட்டும், நீ தாங்குவ'ன்னான். சரின்னுட்டேன்."

"இத்தன நாளு... ஊரு முன்னாடி... ஒரு வார்த்த சொல்லலையேடா நீ."

"நானும் யோக்கியன் இல்லக்கா. எனக்கு ஆகலைன்னு நான் விட்டேன்ல, அப்பவே அவன் கையப் புடிச்சு 'நீயும் விடுடா'ன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. அதுக்கு அம்மா என்னைய வஞ்சது சரிதான்னு எடுத்துக்கிட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பாருங்க, அவன் சாவு அன்னைக்கே சத்தியத்த ஒடச்சிட்டேன். அதுவும் யாருகிட்ட, உங்ககிட்டயே."

அல்போன்சா அவனை அண்ணாந்து பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. இருபத்தைந்து வயதில் நரை. இரண்டு பொடியன்கள்! ஒருவன் வாயில்லாமல் கிடந்துகொண்டும், இன்னொருவன் வாயிருந்தும் அடிவாங்கிக்கொண்டும், இரண்டு வருஷமாக அவளை நடுவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் அது தெரியாது. கம்பெனிக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும், நாம் மறைக்கிறோம் என்று தவித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால்கூட அவள் அப்படி நின்றதில்லை.

"சத்தியம் பண்ணது நீ," என்றாள் கடைசியில். "நான் ஒண்ணும் பண்ணலையே."

"அக்கா, வேணாம்க்கா. அவன் ஆசைப்பட்டது..."

"அவன் ஆசைப்படுவான். செத்துப்போயிட்டான், மகராசன். நீ உசுரோட இருக்கியே, உன் புள்ள உசுரோட இருக்கே. கொஞ்ச நேரத்துல கூப்பிடுவேன், எங்கயும் போயிராத."

மூன்றரைக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெட்டி மூடுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். கடைசிக்கு முந்தி அல்போன்சா, கடைசியில் அம்மா. அதுதான் முறை. அல்போன்சா குனிந்து முத்தம் கொடுத்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. நீ வாங்கிய சத்தியத்தை நான் வீணாக்குகிறேன், பொறுத்துக்கொள் தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நிமிர்ந்தவள் வழிவிடாமல் அம்மாவுக்கு நேராக நின்றாள்.

"அம்மா. இவனுக்குப் பல்வலி வந்துச்சே, எட்டாப்புல. கிராம்பு வச்சேன்னு சொன்னேன்ல?"

அம்மா பார்த்தாள்.

"கிராம்பு வைக்கலம்மா. கம்பெனிப் பொயிலை. என் கையாலதான் வச்சேன். பத்து நாளு வச்சேன். பெறகு அவன் கேக்கக் கேக்கக் குடுத்தேன். உடையப்பன் குடுக்கல. இவன்தான் அவனுக்குக் குடுத்துப் பாத்திருக்கான், அவன் ஆகலைன்னு விட்டுட்டான். என்னையக் காப்பாத்தத்தான் டாக்டர்கிட்டப் பொய் சொன்னான் டோனி. நாந்தாம்மா."

அவள் மெதுவாகச் சொல்லவில்லை. ஊர் கேட்க வசவு வாங்கிய ஆளுக்கு ஊர் கேட்கத்தானே நியாயம் சொல்ல வேண்டும். பந்தல் வரைக்கும் கேட்டது. ஒப்பாரி நின்றுபோயிற்று. சாமியார் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஜக்கம்மாளின் தாடை அசைவது நின்றது. அவள் அல்போன்சாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சாக்கடையோரம் அவள் காறித் துப்புகிற சத்தம் உள்ளே வரை வந்தது.

அல்போன்சா அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் தேவலை என்றிருந்தது. எல்லார் முன்னாலும் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தால்கூட நல்லதுதான். அம்மாவின் கை எழவில்லை. அல்போன்சாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு அம்மா மகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியருகே போனாள். எல்லாரும் நெற்றியில்தான் முத்தமிட்டார்கள். அம்மா இடது கன்னத்தில், பஞ்சு வைத்துக் கட்டியிருந்த இடத்தில் வாயை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். எழுந்திருக்க முடியாமல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

"சூசை," என்றாள். "உடையப்பனக் கூப்பிடு. முன்னால அவன் தூக்கட்டும்."

உடையப்பன் வந்தான். வாசலில் குனிந்து நுழைந்தான், மாலையைப் போட்டான், மூடியை மற்றவர்களோடு சேர்ந்து பிடித்து இறக்கினான். அல்போன்சா நின்ற பக்கம் அம்மா திரும்பவே இல்லை. இனி ஆயுசுக்கும் இப்படித்தானோ என்று அல்போன்சா நினைத்தாள். சொன்னதற்கு வருத்தமில்லை. ஆனாலும் பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது பெற்றவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான்.

தூம்பா தெருவில் இறங்கியது. முன்னால் சிலுவை, அதற்குப் பின்னால் சாமியார். சூசை மாமா குள்ளம், உடையப்பன் நெட்டை, தூம்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடையப்பன் முழங்காலை மடித்துத் தன்னை இறக்கிக்கொண்டான். அப்படியே அரைக்குந்தலாக நடக்க ஆரம்பித்தான். பழைய மரக்கை, சிராய் பெயர்ந்தது, அவன் மெல்லிசுச் சட்டையில் ஒவ்வோர் எட்டுக்கும் உரசியது. பத்து வீடு தாண்டுவதற்குள் தோளில் சட்டை கிழிந்து சிவப்புத் தெரிந்தது.

பெண்களோடு பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். காலையிலிருந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து நனைந்திருந்த துண்டை நாலாக மடித்து, உடையப்பன் தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் திணித்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் அது நழுவியது. மறுபடி திணித்தாள், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை முன்பக்க நுனியைக் கையால் பிடித்துக்கொண்டே அவனோடு நடந்தாள். பின்பக்கம் தொங்கியது.

"அந்தப் பக்கத்த நீ பிடி," என்றாள், திரும்பாமல்.

யாரைச் சொல்கிறாள் என்று அல்போன்சாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு ஓடிப்போய்த் துண்டின் மறு நுனியைப் பிடித்தாள். கோவில் வரைக்கும் முக்கால் கிலோமீட்டர், தார் ரோடு காலைச் சுட்டது. உடையப்பன் முழங்காலை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் அவர்களுக்குக் கை எட்டாது.